விதி எத்தனை மணிக்கு வந்தது?

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? டவுன் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 108 வண்டியில் அதைவிடச் சீக்கிரம். வழியில் ஆறு மறிக்கவில்லை, மலை மறிக்கவில்லை. அப்படியிருக்க, விடியற்காலையில் பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்ட ஒரு பெண் ஏன் மத்தியானம்தான் போய்ச் சேருகிறார்? அதற்குள் மூளையின் ஒரு பகுதி செத்துவிட்டது. மிச்ச வாழ்நாளைக் கட்டிலில் கழிக்கப்போகும் அவரைப் பார்க்க வருகிறவர்கள், "அவங்க விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த விதி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கிறோமா?

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். "கடைசியா நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க? அப்ப மணி என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அவர் கையில் உள்ள சிறந்த மருந்து பெரும்பாலும் பயன்படாமல் போகிறது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி வேலை செய்கிறது என்பதை 1995-இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அப்போது அதற்கான கெடு மூன்று மணி நேரம். 2008-இல் இன்னோர் ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது.

2014-இல் ஒன்பது ஆய்வுகளை, 6756 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்ற 100 பேரில் சுமார் 33 பேர் ஏறக்குறைய ஊனமில்லாமல் மீண்டிருந்தார்கள். ஊசி பெறாதவர்களில் 23 பேர். மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் 35 பேர், பெறாதவர்களில் 30 பேர். ஆக, சீக்கிரம் வந்தால் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். தாமதித்து வந்தால் ஐந்து பேர். நடுவில் காணாமல்போன அந்த ஐந்து பேரைக் கொண்டுபோனது விதியா, ஒன்றரை மணி நேரமா? ஊசியின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூளைக்குள் ரத்தம் கசிந்து முதல் வாரத்திலேயே இறப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் கூடுகிறார்கள். கணக்கு என்றால் இரண்டு பக்கமும்தான் கணக்கு.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பாப்பாரப்பட்டியை ஒட்டிய ஏதோ ஒரு கிராமம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், இரண்டு மாடு, கொஞ்சம் கேழ்வரகு நிலம், மீதி நாளில் கூலி வேலை. காலை 5.40-க்குப் பால் கறக்க உட்கார்ந்தவரின் வலது கையிலிருந்து சொம்பு நழுவுகிறது. ஏதோ சொல்ல வருகிறார், பேச்சு குழறுகிறது. மருமகள் ஓடிவந்து தாங்கிப் பிடித்துத் திண்ணையில் படுக்கவைக்கிறாள். ஆறு மணிக்குச் சூடாகக் காப்பி புகட்டுகிறார்கள். பாதி வழிகிறது, பாதி புரையேறுகிறது. விழுங்க முடியாத வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆறரைக்கு பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கும் மகனுக்கு போன். "நான் கிளம்பி வர்றேன். அதுவரைக்கும் எங்கயும் கொண்டுபோகாதீங்க." ஏழே காலுக்குப் பக்கத்துத் தெருப் பெரியவர் வந்து எண்ணெய் காய்ச்சி நீவுகிறார். புறாவை அறுத்து அந்தச் சூட்டோடு ரத்தத்தைக் கை காலில் பூசினால் உணர்ச்சி திரும்பும் என்று ஒருவர் சொல்ல, புறா தேடி ஆள் போகிறது. எட்டரைக்கு ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக். அங்கே ரத்த அழுத்தம் பார்த்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். பத்தே கால் ஆகிறது. நாலரை மணி நேரக் கெடு ஐந்து நிமிடம் முன்பே முடிந்துவிட்டது. அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. பதினொன்றுக்கு, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க." 11.50-க்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசல்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 5.40-இலிருந்து 11.50 வரை 370 நிமிடம். அதில் சாலையில் கழிந்தது ஏறத்தாழ 60. கிளினிக்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வீட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். தொலைவு என்று நாம் சொல்லிப் பழகிய காரணம் இந்தக் கணக்கில் ஆறில் ஒரு பங்கு. இனி அதே வீட்டில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். 5.45-க்கு மருமகள் 108-ஐ அழைக்கிறாள். வண்டி வர அரை மணி, போய்ச் சேர இன்னோர் அரை மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏழுக்குள் மருத்துவமனை வாசல், ஸ்கேன் எடுத்து எட்டுக்குள் ஊசி. கெடு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கும். சொம்பு நழுவியதற்கும் ஊசி ஏறியதற்கும் இடையில் நேரம் எங்கெங்கே ஒழுகுகிறது என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இப்படிப் பார்த்து, ஒன்றை மாற்றினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் தரவுப் பகுப்பாய்வு. அதில் மந்திரம் ஏதும் இல்லை. கூட்டலும் கழித்தலும், அதைச் செய்யும் மனசும் வேண்டும்.

பகுத்தறிவு பேசுகிற என் நண்பர்கள் இந்தக் கதையில் புறாவைத்தான் பிடித்துக்கொள்வார்கள். புறா ரத்தம் மூடநம்பிக்கைதான், சந்தேகமில்லை. மூளையில் அடைத்த குழாயைக் கையில் பூசிய ரத்தம் திறக்காது. ஆனால் எண்ணெயும் புறாவும் கெடுத்தது ஒரு மணி நேரம் சொச்சம். ட்ரிப்ஸ் கெடுத்தது அதைவிட அதிகம். புறா ரத்தம் பூசச் சொன்னவருக்கு நாலரை மணி நேரக் கெடுவை யாரும் சொல்லித்தரவில்லை. ட்ரிப்ஸ் போட்டவருக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், தேர்வு வைத்திருக்கிறார்கள், பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். யார் மீது பொறுப்பு அதிகம்? ஸ்கேன் எடுக்காமல் இது அடைப்பா கசிவா என்று எந்த மேதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். உயர்ந்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கினால் மூளைக்குப் போகிற மிச்ச ரத்தமும் குறையும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் செய்திருக்க வேண்டிய சிகிச்சை இரண்டே இரண்டு: சர்க்கரை அளவைச் சோதிப்பது, வண்டிக்குச் சொல்வது. அழியாத பழக்கத்துக்கு மூடநம்பிக்கை என்று பெயர் என்றால், எதற்கும் ஒரு ட்ரிப்ஸ் என்பதும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

பாப்பாரப்பட்டிக்கு இதை நினைவூட்ட ஒரு காரணம் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1925 ஜூலை 23 அன்று இறந்தது இந்த ஊரில். சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தது. தொழுநோயாளி என்று சொல்லி அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தது அன்றைய அரசு. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். அவர் பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1873-இல், தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வேயின் ஹான்சென் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் முற்பிறவிப் பாவம் என்று சொல்லும் வாய்கள் மூடவில்லை. இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, மாலை போடுகிறோம். அவரை ஒதுக்கிய அந்தப் புத்தியை மட்டும் பக்கவாதக்காரரின் கட்டிலருகே அப்படியே வைத்திருக்கிறோம். போன பிறவியில் என்ன செய்தாளோ என்று கேட்கிறோம். காலை 5.40-இலிருந்து நாம் என்ன செய்தோம் என்று கேட்பதில்லை.

உலகத்தில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல், நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை சராசரியாக 105 நிமிடம் ஆனது. யாரையும் சபிக்கவில்லை, யாரையும் விரட்டவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தப் படியில் எத்தனை நிமிடம் என்று எழுதினார்கள். ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருத்துவமனைக்கு போன் வரும்படி செய்தார்கள். நோயாளியின் பழைய விவரங்களை அவர் வந்து சேரும் முன்பே எடுத்துவைத்தார்கள். வார்டுக்குக் கொண்டுபோகாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மருந்தை அந்த மேசையருகிலேயே வைத்தார்கள். 2011-இல் அந்த 105 நிமிடம் 20 ஆகிவிட்டது. புது மருந்து வரவில்லை. ஸ்ட்ரெச்சர் போகும் பாதையை மாற்றினார்கள், அவ்வளவுதான். எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதைச் செய்ய முடியாது? அவசரப் பிரிவிலிருந்து ஸ்கேன் அறைக்குப் போகும் வழியில் ஓ.பி. சீட்டு வாங்கிவர உறவினரை ஓடவிடும் நேரம் எவ்வளவு என்று நம் ஊரில் யாராவது கடிகாரத்தோடு நின்று பார்த்திருக்கிறார்களா?

இன்னொன்று என்னைத் தூங்கவிடாத ஆய்வு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஆய்வாளர்கள் 132 மருத்துவமனைகளுக்கு வந்த இரண்டரை லட்சத்தை நெருங்கிய நோயாளிகளின் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, எந்த மருத்துவமனை எப்படிப்பட்ட நோயாளிக்கு ஊசி போடுகிறது என்று கற்கவைத்தார்கள். பிறகு, இந்த மருத்துவமனையின் நோயாளி அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள். 2022-இல் வந்த பதில்: அதே வயது, அதே பாதிப்பு, அதே நேரம், ஆனால் ஓரிடத்தில் ஊசி கிடைத்திருக்கும், இன்னோரிடத்தில் கிடைத்திருக்காது. வித்தியாசம் நோயாளியின் உடம்பில் மட்டும் இல்லை, மருத்துவர்களின் பழக்கத்திலும் இருந்தது. எல்லா மருத்துவமனையும் வேகமாகச் செயல்பட்டு, நோய் தொடங்கிய நேரத்தைத் தவறாமல் விசாரித்து, நன்றாக முடிவெடுக்கிற மருத்துவமனைகளைப் போல முடிவெடுத்தால், ஊசி பெறுவோர் 11.6 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு மேல் உயர்வார்கள் என்று காட்டினார்கள். எந்த வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள் என்பது ஒருவரின் மீதி வாழ்க்கையை எழுதுகிறது. அதை எழுதியது பிரம்மன் அல்ல. பணி முறைப் பட்டியலில் பெயர் உள்ள மனிதர்கள்.

அந்த நாட்டில் இது வெளியே தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு மருத்துவமனையின் பக்கவாத சிகிச்சைக்கும் ஏ முதல் ஈ வரை தரம் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள் என்பதுதான். நம் ஊரில் பால் சொசைட்டிக்குப் போனால் காலைப் பால் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று அட்டையில் எழுதித் தருகிறார்கள். தப்பாக எழுதினால் பால் ஊற்ற வந்த பெண்மணி சண்டை போடுவார். அவர் மூளைக்கு அப்படி ஓர் அட்டை உண்டா? எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு ஸ்கேன், எத்தனை மணிக்கு மருந்து, கொடுக்கவில்லையென்றால் ஏன்? மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, 'வலது பக்கம் செயலிழப்பு', ஒரு கையெழுத்து. தேதி இருக்கும். மணி பெரும்பாலும் இருக்காது.

"இதெல்லாம் பணக்கார நாட்டுச் சங்கதி" என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கே வருவோம். 2014-இல் இமாச்சலப் பிரதேசத்தில் நரம்பியல் மருத்துவர் இல்லாத, ஆனால் ஸ்கேன் இயந்திரம் உள்ள மாவட்ட மருத்துவமனைகளைச் சிம்லா, டாண்டா மருத்துவக் கல்லூரிகளோடு செல்போனால் இணைத்தார்கள். அங்கிருந்த பொதுமருத்துவர் ஸ்கேன் படத்தை அனுப்ப, நிபுணர் மறுமுனையிலிருந்து வழிகாட்ட, ஊசி அங்கேயே போடப்பட்டது. மலைப்பாதையில் முடிந்தது இந்தச் சமவெளியில் முடியாதா? தமிழ்நாட்டிலேயே மாரடைப்புக்குச் செய்து காட்டியிருக்கிறோம். சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, 2420 நோயாளிகளை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டார் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரின் குழு. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் அந்த முடிவு வெளியானது.

அதற்கும் பெரிய சான்று பிரசவம். ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். வண்டி எப்போது வந்தது, ரத்தம் எப்போது கேட்டது, யார் எங்கே அனுப்பினார்கள் என்று மாவட்ட ஆட்சியர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திய மாநிலம் இது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2004-06-இல் 111 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-இல் 54 ஆனது. விசாரணை மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவத்தில் சாவது பெண்ணின் தலையெழுத்து என்று ஒரு காலத்தில் சொன்ன இதே தருமபுரிச் சீமையில், இன்று அப்படிச் சொல்லி ஓர் அதிகாரி தப்ப முடியாது. பிரசவ மேசையில் ஒழித்த தலையெழுத்தைப் பக்கவாதக் கட்டிலில் ஏன் விட்டுவைத்திருக்கிறோம்? கிழவிதானே என்றா?

இங்கே ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைப் பதிவேடு வாசலுக்கு வந்தவர்களைத்தான் எண்ணும். வராமலே வீட்டில் செத்தவரும், மூன்றாம் நாள் வந்து படுக்கையே கதி என்று திரும்பியவரும் அந்தப் பகுப்பாய்வில் எங்கே? இந்தியாவில் 2020-இல் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் உண்டு. மீதிப் பேர் எதனால் செத்தார்கள் என்று அரசுக்குத் தெரியாது. அதனால், 'எங்கள் மருத்துவமனையில் பக்கவாத மரணம் குறைவு' என்று ஒருவர் பெருமைப்பட்டால், மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் உங்களிடம் வந்தார்களா என்று கேளுங்கள். எண்ணில் வராதவர் பெரும்பாலும் ஏழை, அதிலும் பெண், அதிலும் தனியாக இருப்பவர். அவர்களை விட்டுவிட்டு உருவாக்கும் எந்தக் கருவியும் அவர்களை மறுபடி விட்டுவிடும்.

இப்போது அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். "நான் வர்ற வரைக்கும் எங்கயும் கொண்டுபோகாதீங்க." அந்த மகன் கெட்டவன் அல்ல. தாயை நேசிப்பவன், கையில் காசில்லாதவன், தப்பாக முடிவெடுத்துவிடுவோமோ என்று அஞ்சுபவன். ஆனால் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மூளை அவளுடையது. செத்துக்கொண்டிருப்பது அவளுடைய பேச்சு, அவளுடைய வலது கை. அனுமதி மட்டும் ஏன் பெங்களூருவிலிருந்து வர வேண்டும்? இத்தனை வருடம் அந்த வீட்டை நடத்தியவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்ல உரிமை இல்லையா? மருமகளுக்கு, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சிக்கு, 108-ஐ அழைக்கும் அதிகாரம் கிடையாதா? கெடுவில் இரண்டு மணி நேரத்தைத் தின்றது சாலை அல்ல, ஆண் வரட்டும் என்று காத்த வழக்கம். இதைத் திருத்தாமல் வைக்கும் ஸ்கேன் இயந்திரம் வெறும் இரும்பு.

மருத்துவமனையிலும் இதே நாடகம் நடக்கிறது. ஊசி போடலாமா என்று மருத்துவர் கேட்கிறார். "ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு, கையெழுத்துப் போடுங்க." பதற்றத்தில் இருப்பவரின் காதில் விழுவது கசிவு என்ற சொல் மட்டும். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கிறார்கள். இருபது நிமிடம் போகிறது. இந்த இடத்தில் ஒரு தாள் போதும். நூறு மனித உருவங்கள். ஊசி போட்டால் நல்லபடியாக மீள்வோர் 33, போடாவிட்டால் 23, ஊசியின் கசிவால் கூடுதலாக இறப்போர் 2 என்று நிறம் தீட்டிய படம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்க்கலாம். முடிவெடுக்க உதவும் கருவி என்பதன் எளிய வடிவம் அதுதான். அதன் வேலை குடும்பத்தை மிரட்டுவதும் அல்ல, மயக்குவதும் அல்ல. அவர்களைச் சிந்திக்கிற மனிதர்களாக மதித்துத் தெரிந்ததையெல்லாம் முன்னால் வைப்பது. படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்கிற மருத்துவரிடம் கேட்கிறேன்: சீட்டுக் கம்பெனி ஏலத்தில் கழிவு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லும் பெண்ணுக்கு 33-க்கும் 23-க்கும் வித்தியாசம் புரியாதா? நீங்கள் சொல்லிப் பார்த்தீர்களா?

கணினி ஒருபடி மேலே போய்விட்டது. மும்பையின் கியூர் நிறுவன ஆய்வாளர்கள், தலை ஸ்கேன் படத்தில் ரத்தக் கசிவைக் கணினியே கண்டுபிடித்துச் சொல்லும் முறையை 2018-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நள்ளிரவில் ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் இது பெரிய உதவி. வரவேற்கிறேன். ஆனால் நாளைக்கே 'கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிடுச்சு' என்று ஒரு மருத்துவர் கையை உதறினால் என்ன செய்வீர்கள்? கடவுள் விட்ட வழி என்று சொன்ன அதே வாய், அதே தோள்குலுக்கல், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வானத்திலிருந்து இறக்கிய விதியைக் கணினிக்குள் குடிவைக்க நாம் பகுத்தறிவு பேசவில்லை. எந்த ஊர் நோயாளிகளின் பதிவில் அது கற்றது? மேற்கத்திய நாடுகளைவிட இந்தியாவில் இளைய வயதிலேயே பக்கவாதம் தாக்குகிறது. அங்கே எழுபது வயதுக்காரர்களிடம் கற்ற கருவி, ரத்த அழுத்தம் ஒருமுறைகூடப் பார்த்திராத ஐம்பத்திரண்டு வயதுக் கூலிப் பெண்ணை எப்படி எடைபோடும்? கருவி சொன்னதை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் ஒரு மனிதர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாத முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

தரவு நமக்குப் பிடித்ததையே சொல்லும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கக் குடும்பத்தாரைப் பழக்கினால் நல்ல பலன் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். செலவு குறைவு, கேட்கவும் நன்றாக இருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். லூதியானா சி.எம்.சி.யின் ஜெயராஜ் துரைப்பாண்டியனும் அதன் முன்னணியில் இருந்தார். 2017-இல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. ஆசையோடு தொடங்கியவர்களே அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு முன் தலைவணங்குகிறேன். அதன் பொருள் என்ன? மருமகளின் முதுகில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. கைதேர்ந்த இயன்முறை மருத்துவர் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடும் அந்தப் பெண்ணின் கூலி நாட்கள் எத்தனை போயின என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. அதையும் எழுதச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது ரத்த அழுத்தம். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. அதற்குப் பிறகுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. மகளிர் குழுவிலிருந்து வரும் தன்னார்வலர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறார். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "தலை சுத்தல, எனக்கு எதுக்கு மாத்திரை? சாப்பிட்டா பழகிடும்" என்று சொல்கிறவர் நீங்கள்தானா? அப்படியென்றால் அரசைத் திட்டும் முன் உங்களிடமே கணக்குக் கேளுங்கள். அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. மாத்திரை எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணுவது எளிது. எத்தனை பேருக்கு அழுத்தம் இறங்கியது என்று எண்ணுவதுதான் வேலை. இரண்டு மாதமாக மாத்திரை வாங்காதவர்கள், வாங்கியும் அழுத்தம் இறங்காதவர்கள் என்று பெயர்ப் பட்டியல் ஒன்று வாராவாரம் அந்தத் தன்னார்வலரின் போனில் வரட்டும். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு யார் கையிலிருந்து சொம்பு நழுவும் என்பதற்கு அதைவிட நல்ல ஜோதிடம் இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு வெள்ளைத்தாள். உங்கள் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை எதுவோ, அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த ஓராண்டில் பக்கவாதத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர்? நோய் தொடங்கிய நேரம் எத்தனை பேருக்குப் பதிவாகியிருக்கிறது? நாலரை மணி நேரத்துக்குள் வந்தவர்கள் எத்தனை, அவர்களில் ஊசி பெற்றவர்கள் எத்தனை? வாசலிலிருந்து ஸ்கேனுக்கும், ஸ்கேனிலிருந்து ஊசிக்கும் ஆன நிமிடங்கள் எத்தனை? ஸ்கேன் இயந்திரம் பழுதாகி நின்ற நாட்கள் எத்தனை, மருந்து இருப்பில் இல்லாத நாட்கள் எத்தனை? யார் பெயரும் கேட்க வேண்டாம், எண்கள் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. 'அவ்வாறான பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் அடுத்த மனுவுக்கு அந்த வரியையே தலைப்பாக வையுங்கள்.